விவிலியம் என்ற சொல்லைத் தந்த துறைமுகம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பைபிள் என்றும் விவிலியம் என்றும் நாம் சொல்கிற பெயருக்குள் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், லெபனான் தலைநகர் பெய்ரூட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் சிறு துறைமுகம் அது. இன்று அங்கு வாழ்பவர்களுக்கு அது ஜுபைல். பழங்காலத்தில் குப்லா, கேபால். கிரேக்கர்கள் அதைப் பிப்லோஸ் என்றார்கள். எகிப்தின் நாணலில் செய்த பாப்பிரஸ் தாள் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் கிரேக்க நாட்டுக்குப் போனது. கிரேக்க மொழியில் அந்தத் தாளுக்கும் பிப்லோஸ் என்றே பெயர். தாளில் எழுதிய நூல் பிப்லியோன் ஆயிற்று, பல நூல்கள் சேர்ந்தது பிப்லியா ஆயிற்று. ஊரின் பெயர் தாளுக்குப் போனதா, தாளின் பெயர் ஊருக்கு வந்ததா என்று மொழி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த ஊரின் கோட்டையைப் பற்றியும் கடைத்தெருவைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை அங்கே இழுத்துச் சென்றது அங்கு எழுதப்பட்டவை, அந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டு அந்தக் கடற்கரையில் நிற்கும்போது சிதைந்த சுவர்கள் பேசத் தொடங்குகின்றன.

முதலில் ஊருக்குள் நுழைவோம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் லெபனான் மலைத்தொடர், நடுவே ஒரு நெடுஞ்சாலை. பழைய கடைத்தெருவைத் தாண்டினால் சிலுவைப் போர்க்காலக் கோட்டை. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்கள் கட்டியது. அதன் சுவரைக் கூர்ந்து பாருங்கள். ரோமானியர் விட்டுச்சென்ற உருண்டைத் தூண்களைப் படுக்கவைத்துச் சுவரைத் துளைப்பதுபோல் செருகியிருக்கிறார்கள். சுவரின் முகத்தில் தூண்களின் வட்ட முனைகள் மட்டும் தெரிகின்றன. சுவருக்கு அது ஒரு பிடிமானம். கோட்டையின் மேல்தளத்தில் ஏறினால் அகழ்வாய்வுத் தளம் முழுவதும் காலடியில் விரியும். அதற்கப்பால் நீலக் கடல்.

கீழே தெரிகிற அந்தச் சிறு மேட்டில் மனிதர்கள் கி.மு. 7000 அளவிலேயே குடியேறிவிட்டார்கள். மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். ஒற்றை அறைக் குடிசைகள், சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பூசிய தரை. அந்தத் தரைகள் இன்றும் இருக்கின்றன. செப்புக் காலத்தில், அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பு, இறந்தவர்களைப் பெரிய மண் ஜாடிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜாடிகளின் முன் நின்றால் மனம் ஒரு கணம் ஊருக்குத் திரும்பும். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. காலமும் வேறு, மக்களும் வேறு.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைதான் இந்த ஊரைச் செல்வந்தமாக்கியது. அந்த மலையில் கேதுரு மரங்கள் இருந்தன. நம் இமயத்துத் தேவதாரு அதன் நெருங்கிய உறவு. எகிப்தில் நெடுமரம் கிடையாது. கோயிலுக்குக் கதவு வேண்டும், கப்பலுக்குப் பலகை வேண்டும், மன்னர்களின் உடலைப் பதப்படுத்தப் பிசின் வேண்டும். எல்லாவற்றுக்கும் குப்லாவைத்தான் நம்பினார்கள். ஸ்னெஃபெரு என்ற மன்னன் காலத்தில் 40 கப்பல்களில் கேதுரு மரம் வந்தது என்று எகிப்தியக் கல்வெட்டு ஒன்று பெருமையுடன் பதிந்திருக்கிறது. அவன் வாழ்ந்தது கி.மு. 2600ஐ ஒட்டி. அவன் மகன் கூஃபுதான் பெரிய பிரமிடைக் கட்டியவன். அந்தப் பிரமிடின் அருகே 1954இல் தோண்டியெடுத்த மரக்கப்பல் லெபனான் கேதுருவால் ஆனது. 40 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். கடலில் போகும் பெரிய கப்பலுக்கு எகிப்தியர்கள் வைத்த பெயரே ‘குப்லாக் கப்பல்’ என்பதுதான்.

எகிப்தோடு இவ்வளவு நெருக்கமாக இருந்த ஊரின் மன்னன் ஒருவன் அந்த எகிப்தாலேயே கைவிடப்பட்டான். அவன் பெயர் ரிப்-ஹத்தா. காலம் கி.மு. 14ஆம் நூற்றாண்டு. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த சுமார் 380 களிமண் பலகைகளில் ஏறத்தாழ 60 இவன் எகிப்துக்கு எழுதிய கடிதங்கள். ‘கண்ணியில் சிக்கிய பறவைபோல் குப்லாவில் கிடக்கிறேன்’ என்று மீண்டும் மீண்டும் எழுதுகிறான். சுற்றியிருந்த ஊர்களெல்லாம் பகைவன் கைக்குப் போய்விட்டன. வயலில் உழவு இல்லை. தானியத்துக்காகப் பிள்ளைகளை விற்றார்கள், வீட்டு மரச்சாமான்களை விற்றார்கள், படை அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறான். அரண்மனைக்கு ஏன் இத்தனை ஓலை அனுப்புகிறாய் என்று பாரோவிடமிருந்து அவனுக்குக் கேள்வி வந்தது. அந்தக் கேள்வியையும் அவன் தன் பதிலில் எடுத்து எழுதியிருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. கடைசியில் சொந்தத் தம்பியே அவனை ஊருக்கு வெளியே நிறுத்திக் கதவை அடைத்துவிட்டான். வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை என்று வேற்றூரில் இருந்துகொண்டு எழுதிய கடிதமும் இருக்கிறது. அந்தக் கடிதங்களை நான் ஒரே இரவில் வாசித்தேன். மறுநாள் எந்த வேலையும் ஓடவில்லை.

அதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. இப்போது கெஞ்சுவது எகிப்து. வெனாமுன் என்பவர் கர்னாக்கின் அமுன் கோயில் அலுவலர். சாமி எழுந்தருளும் படகுக்கு மரம் வாங்க வருகிறார். வழியில் டோர் துறைமுகத்தில் அவரிடமிருந்த பொன்னும் வெள்ளியும் திருடுபோகின்றன. வெறுங்கையோடு பிப்லோஸ் வந்தவரை, ‘என் துறைமுகத்தை விட்டுப் போ’ என்று மன்னன் ஜகர்பால் நாள்தோறும் விரட்டுகிறான். 29 நாட்கள் இப்படியே கழிகின்றன. பிறகு ஒரு நாள் மன்னன் தன் தெய்வங்களுக்குப் படைத்துக்கொண்டிருக்கும்போது அரண்மனை இளைஞன் ஒருவன்மேல் சாமி வந்துவிடுகிறது. ‘அமுன் அனுப்பிய தூதனை அழைத்து வா’ என்று அருள்வாக்குச் சொல்கிறான். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

மறுநாள் காலை மாடி அறையில் மன்னன் சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தான், பெருங்கடலின் அலைகள் அவன் தலைக்குப் பின்னால் மோதிச் சிதறின என்று எழுதுகிறார் வெனாமுன். 3,000 ஆண்டுப் பழைய பாப்பிரஸ் சுவடியில் இப்படி ஒரு வரி! பேரத்தில் ஜகர்பால் அசையவில்லை. தன் முன்னோரின் கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்லி உரக்கப் படிக்கவைக்கிறான். அதில் ஆயிரம் தெபென் வெள்ளி வரவு இருந்தது. ஏறத்தாழ 90 கிலோ. உன் மன்னன் எனக்கு எசமானனாக இருந்தால் அவன் முன்னோர் எதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்று கேட்கிறான். கடைசியில் எகிப்திலிருந்து பொன் ஜாடிகளும் வெள்ளி ஜாடிகளும் வருகின்றன, அவற்றோடு 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டைப் பருப்பு, 30 கூடை மீன். அதன் பிறகே 300 ஆட்களும் 300 எருதுகளும் மலை ஏறினார்கள். வெட்டிய மரங்கள் மழைக்காலம் முழுவதும் காட்டிலேயே கிடந்து, கோடையில் கடற்கரைக்கு இழுத்து வரப்பட்டன. உண்மையான பயண அறிக்கையா, கதையா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எனக்கு அந்தக் கணக்கேட்டுக் காட்சி ஒன்று போதும். எழுதி வைத்தவனின் கை ஓங்கும் என்பதை அந்த வணிகர்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள்!

அகழ்வாய்வுத் தளத்தில் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நடுவில் பள்ளமான இடத்தில் மன்னர் ஊற்று இருக்கிறது. கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் எழுதிய கதையில், எகிப்தியத் தெய்வம் ஒசிரிஸின் உடல் இருந்த பெட்டி மிதந்து வந்து இந்தக் கரையில் ஒதுங்குகிறது. அதைத் தேடி வந்த அவன் மனைவி ஐசிஸ் இந்த ஊரின் ஊற்றங்கரையில் அழுதபடி உட்கார்ந்திருக்கிறாள், அரசியின் பணிப்பெண்களுக்கு மட்டும் பேச்சுக் கொடுத்துத் தலை பின்னிவிடுகிறாள். அந்த ஊற்று இதுதான் என்று இன்றும் காட்டுகிறார்கள். அருகில் குத்துக்கற்கள் நெருக்கமாக நிற்கும் கோயில். அது முதலில் இருந்த இடம் அதுவல்ல. அதற்கு அடியில் இன்னும் பழைய கோயில் ஒன்று இருப்பதை அறிந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் மோரிஸ் துனான், மேலே இருந்ததைக் கல் கல்லாகப் பெயர்த்துப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே காணிக்கையாகப் புதைத்த நூற்றுக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. பொன் தகடு போர்த்திய வெண்கல மனிதச் சிற்பங்கள், கூம்புத் தொப்பியோடு விறைப்பாக நிற்பவை, இப்போது பெய்ரூட் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. துனான் 1920களில் தொடங்கி உள்நாட்டுப் போர் வெடிக்கும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த ஒரே மேட்டைத் தோண்டினார். மண்ணின் இயற்கையான அடுக்குகளைப் பின்பற்றாமல் 20 சென்டிமீட்டர் 20 சென்டிமீட்டராகச் சீவிக்கொண்டே போனதால் எந்தப் பொருள் எந்தக் காலத்தது என்று பிரிப்பது இன்று பெரும்பாடாக இருக்கிறது. அவருடைய உழைப்பை வணங்குகிறேன். அந்த முறையை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது.

அவர் கண்டெடுத்தவற்றில் வெண்கலத் தகடுகளிலும் கற்களிலும் பொறித்த புதிரான எழுத்து ஒன்று உண்டு. எகிப்தியச் சித்திர எழுத்தின் சாயல் கொண்டது. 1945இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். சிந்துவெளி எழுத்தைப்போல அதையும் எல்லோரும் ஏற்கும்படி இதுவரை எவரும் வாசிக்கவில்லை.

வாசிக்க முடிந்த எழுத்து கிடைத்தது ஒரு மழையால். 1922இல் பெருமழையில் கடலோரப் பாறைச்சரிவு இடிந்து விழுந்தது. உள்ளே அரச கல்லறை ஒன்று வாய் பிளந்து தெரிந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் மோந்தே ஆழமான ஒரு குழிக்குள் இறங்கி அஹிராம் மன்னனின் கல் சவப்பெட்டியைக் கண்டார். நான்கு சிங்கங்கள் அதைத் தாங்குகின்றன. பக்கவாட்டில் மன்னன் அரியணையில் அமர்ந்திருக்கிறான், கையில் கவிழ்ந்த தாமரை. குறுகிய பக்கங்களில் பெண்கள் தலையில் கைவைத்தும் மாரடித்தும் அழுகிறார்கள். மூடியின் விளிம்பிலும் பெட்டியின் மேல்விளிம்பிலுமாக 38 சொற்கள். தந்தை அஹிராமுக்காக மகன் இத்தோபால் செய்த பெட்டி இது, இதைத் திறப்பவனின் செங்கோல் முறியட்டும், அரியணை கவிழட்டும் என்ற சாபம். இந்தக் கடற்கரையில் வாழ்ந்த பினீசியரின் எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நீண்ட வாசகங்களில் ஒன்று. காலம் கி.மு. 1000ஐ ஒட்டியது என்பது பெரும்பான்மைக் கருத்து.

22 எழுத்துகள், எல்லாம் மெய்யொலிகள், வலமிருந்து இடமாக. நூற்றுக்கணக்கான சித்திரங்களை மனப்பாடம் செய்த எழுத்தர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த எழுத்தை, கப்பல் சரக்குக்குக் கணக்கு எழுதும் வணிகனும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம் என்றாக்கியது இந்தக் குடும்பத்து எழுத்து. கிரேக்கர்கள் அதை வாங்கி உயிரெழுத்துகளைச் சேர்த்தார்கள். ரோமன் எழுத்து அதிலிருந்து வந்தது. இன்னொரு கிளை அராமிய எழுத்து. அசோகரின் பிராமி அந்தக் கிளையைப் பார்த்து உருவானது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள், உறுதியாக மறுப்பவர்களும் உண்டு. முதல் தரப்பு சரியென்றால், மாங்குளம் குகையில் தமிழ் எழுதிய உளிக்கும் இந்தச் சவப்பெட்டியைப் பொறித்த உளிக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்புகிறேன். கோட்டைக்கு அருகே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, அதன் பக்கச் சுவரை ஒட்டித் திறந்தவெளியில் குவிமாடத்தோடு ஒரு திருமுழுக்கு மண்டபம். கடைத்தெருவில் கல்லாகிப்போன மீன்களை விற்கிறார்கள். மேலே மலைக் கிராமங்களின் சுண்ணாம்புப் பாறையில் கிடைப்பவை, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழையவை, முள் முள்ளாகத் தெரியும். தெற்கே சில கிலோமீட்டரில் அதோனிஸ் ஆறு, வசந்தத்தில் செந்நீராக ஓடும். புராணத்து இளைஞன் அதோனிஸின் குருதி என்று பண்டைய மக்கள் அழுது சடங்கு செய்தார்கள். லெபனான் மலையின் செம்மண்தான் காரணம் என்று பிப்லோஸ்காரர் ஒருவரே சொன்னதாக இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார். படகுத்துறை சின்னது. 2006ஆம் ஆண்டுப் போரில், பெய்ரூட்டுக்குத் தெற்கே இருக்கும் ஜியே மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டிகள் குண்டுவீச்சுக்கு இலக்காக, ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கலந்து இங்கே வரை வந்தது. துறைமுகத்தின் பழங்கற்களில் கறுப்பாக அப்பிக்கொண்டது. அந்தக் கற்களைக் கழுவத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது.

அஹிராமின் பெட்டியைப் பார்க்கப் பெய்ரூட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கல்லறையைப் பழங்காலத்திலேயே திருடர்கள் திறந்துவிட்டார்கள். சாபம் அவர்களைத் தடுக்கவில்லை. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்பையும் பிரித்த கோட்டின்மேலேயே அருங்காட்சியகம் அமைந்துவிட்டது. இயக்குநர் மோரிஸ் ஷெஹாபும் அவர் மனைவியும் சிறிய பொருள்களை நிலவறையில் அடுக்கி வாசலைச் சுவர் வைத்து அடைத்தார்கள். தூக்க முடியாத பெருங்கற்களைச் சுற்றி மரச்சட்டம் அடித்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். அஹிராமும் அப்படி ஒரு கட்டிக்குள் போனான். கட்டடத்துக்குள் போராளிகள் வந்தார்கள், சுவர்களில் கிறுக்கினார்கள், தீ மூட்டினார்கள். 15 ஆண்டுப் போர் 1990இல் முடிந்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கழித்துத்தான் கான்கிரீட்டை உடைத்தார்கள். தூசி அடங்கியபோது நான்கு சிங்கங்களும், மாரடித்து அழும் பெண்களும், விளிம்பில் அந்த 38 சொற்களும் அப்படியே இருந்தன.

நன்றி, வணக்கம்.