பக்கத்து வீட்டுக்காரரின் ஆறு பெட்டி கேசட்டுகள்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? இன்றைக்குக் கராஜில் உட்கார்ந்து பேசுகிறேன், கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் ஆறு அட்டைப் பெட்டிகள் தெரிகிறதல்லவா? அவற்றைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. வத்தக்குழம்பு எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், அது அடுத்த வாரம்.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு 71 வயது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருக்கும் மனிதர். வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார். சாமான்களை ஒழிக்க உதவி கேட்டார், போனேன். ஒரு பெட்டியைத் தூக்கினால் செங்கல் கனம். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் கேசட். எல்லாம் ஒரே பேண்ட், கிரேட்ஃபுல் டெட்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் பாலோ ஆல்டோ பக்கத்தில் 1965ல் ஆரம்பித்த ராக் குழு. மென்லோ பார்க்கில் ஒரு பீட்சா கடையில்தான் முதல் கச்சேரி. அப்போது வேறு பெயர், வார்லாக்ஸ். முப்பது வருடத்தில் சுமார் 2,300 கச்சேரி. பாப் பேண்ட் என்று நான் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் எலுமிச்சம்பழம் தரவில்லை. இவர்களுடைய ரசிகர்களுக்கு டெட்ஹெட் என்று பெயர். ஒரு கச்சேரி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை அவர்கள். பேண்ட் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள். வாகன நிறுத்தத்தில் பரிட்டோவும் சாயத்தில் முக்கியெடுத்த சட்டையும் விற்று அடுத்த ஊருக்குப் பெட்ரோல் காசு சேர்ப்பார்கள். இவர் 112 கச்சேரி பார்த்திருக்கிறார். ரொம்பக் குறைவு என்று வருத்தப்படுகிறார்!

ஒரே பேண்டை 112 தடவை எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கும் முதலில் புரியவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இதில் என்னடி ஆச்சரியம், சபாவில் தோடியை எத்தனை தடவை கேட்கிறோம்" என்றார். அதேதான் விஷயம். இவர்கள் பாட்டை ரெக்கார்டில் இருப்பதுபோல் வாசிக்க மாட்டார்கள். நேற்று ஏழு நிமிடம் போன பாட்டு இன்றைக்கு இருபது நிமிடம் போகும், நடுவில் எங்கேயோ வழி தவறி வேறொரு பாட்டுக்குள் போய் நிற்கும். என்ன பாட்டு, எந்த வரிசை என்பதும் தினம் மாறும். நேற்று வந்தவன் இன்றைக்கும் வரத்தான் வேண்டும்.

சரி, கேசட்டுக்கு வருவோம். கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். மேக்ஸெல் 90. உள்ளே இருக்கிற அட்டையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் தேதி, ஊர், பாட்டுப் பட்டியல். சில பாட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா? இந்தப் பாட்டு நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போயிற்று என்று அர்த்தம். அம்புக்குறி நிறைய இருந்தால் நல்ல இரவு. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான். எங்கே திருப்பிப் போடுவது என்பதே ஒரு கலையாம். பேண்டில் இரண்டு டிரம் வாசிப்பவர்கள், பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும். அவர்களுடைய தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருந்து படக்கென்று திருப்பிவிட வேண்டும். நம் ஊரில் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேண்டீன் போவோம், இங்கே கேசட்டைத் திருப்புவார்கள்.

இவை எல்லாமே கூட்டத்தில் நின்று ரசிகர்கள் பதிவு செய்தவை. முதலில் திருட்டுத்தனம்தான். இவர் மைக்கைச் சாக்ஸுக்குள் ஒளித்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார். வேறு பேண்டாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பார்கள். இவர்கள் கண்டுகொள்ளவில்லை. நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், இனி அது அவர்களுடையது என்கிற மாதிரி பேண்டின் முக்கிய கிடாரிஸ்ட் ஜெர்ரி கார்சியாவே சொல்லியிருக்கிறார். நாளாக நாளாக மைக் கம்பம் காடுபோல் முளைத்து, ஒலிக்கலவை செய்கிறவருக்கே மேடை தெரியாமல் போயிற்று. 1984 அக்டோபரில், பெர்க்லியில், அவருக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். விதி ஒன்றுதான், காசுக்கு விற்கக் கூடாது. கைமாற்றிக்கொள்ளலாம். உன்னிடம் கொடுக்க எதுவும் இல்லை என்றால் காலிக் கேசட்டும் திரும்பி வரத் தபால் தலையும் அனுப்பு, பதிந்து அனுப்புகிறேன். இப்படித்தான் நாடு முழுக்கப் பரவியது. பேண்ட் தரப்பில் பதிந்ததுகூட இப்படிச் சுற்றியது. 1977 மே 8ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததை பேண்டின் ஆளான பெட்டி கேன்டர் (Betty Cantor) என்ற பெண் பதிந்தார், அது நாற்பது வருடம் கழித்துத்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதற்குள் அதன் ஒவ்வொரு ஸ்வரமும் ரசிகர்களுக்கு மனப்பாடம்.

இதில் ஒரு கூத்து. பிரதியைப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், தெரியும்தானே? ஒரு தடவை ஓஹையோவில் யாரோ ஒருவரிடமிருந்து இவருக்கு ஒரு கேசட் வந்திருக்கிறது. மழை பெய்கிற மாதிரி இரைச்சல். கேட்டுக்கொண்டே இருக்கிறார், மெதுவான பாட்டு, அருமையான இடம், மைக்குக்குப் பக்கத்திலேயே ஒருவன் இருமுகிறான். நன்றாகத் திட்டியிருக்கிறார். அடுத்த பாட்டில் மறுபடி இருமல். அப்போதுதான் புரிந்தது, அது இவரேதான். நான்கு வருடத்துக்கு முன்னால் இவர் பதிந்து ஒருவருக்குக் கொடுத்தது, எத்தனை கை மாறியதோ, ஊரெல்லாம் சுற்றிவிட்டு இவரிடமே வந்திருக்கிறது. தன்னுடைய மூலப் பிரதியைத் தொலைத்துவிட்டாராம். அதனால் இந்த இருமல் பிரதிதான் இப்போது இவரிடம் இருக்கிறது. இதோ, இதுதான்.

டிக்கெட் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1983லிருந்து டிக்கெட்டைத் தபாலில் பேண்ட் ஆபீஸே நேரடியாக விற்க ஆரம்பித்தது. பணத்துக்கு மணியார்டர், எத்தனை டிக்கெட் என்று ஒரு அட்டை, சுயவிலாசமிட்ட உறை. எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற வெளி உறையில் படம் வரைந்து அனுப்புவார்கள். மண்டை ஓடு, ரோஜா, நடனமாடும் கரடி, அலங்காரம் என்றால் அப்படி ஓர் அலங்காரம். படம் நன்றாக இருந்தால் டிக்கெட் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. பிள்ளையாருக்கு 108 தோப்புக்கரணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் வரைந்ததைக் காட்டுங்களேன்" என்றேன். சிரித்தார். "அனுப்பிவிட்டேனே, எப்படி இருக்கும்?" இரண்டு நாள் உட்கார்ந்து கலர் பென்சிலில் வரைவார், தபால்பெட்டியில் போடுவார், அதோடு சரி. அப்போது போட்டோ எடுத்து வைக்கிற வழக்கமும் இல்லை.

ஆனால் பேண்ட் ஆபீஸ் அவற்றைத் தூக்கிப்போடவில்லை. பேண்டின் காகிதங்கள் எல்லாம் இப்போது சான்டா குரூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, ரசிகர்கள் வரைந்த உறைகளும் சேர்த்து. போன மாதம் இவரைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மூக்கு இடிக்கப் பார்த்தார். இவருடையது அதில் இல்லை. ஒரு உறையில் கரடிக்குக் கால் சரியாக வரவில்லை என்று குறை சொன்னார். திரும்பி வரும்போது நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

எல்லாம் பொன்னான காலம் என்று சொல்லவில்லை. போதை இருந்தது, நிறைய. இவரே குடியில் விழுந்து எழுந்தவர். எழுந்ததும் அங்கேயேதான். வார்ஃப் ராட்ஸ் என்று ரசிகர்களிலேயே ஒரு கூட்டம், இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே கூடுவார்கள், குடிக்காமல் கச்சேரி கேட்க ஒருவருக்கொருவர் துணை. மஞ்சள் பலூன் தெரிந்தால் போதும், அன்றைய இரவு தப்பித்தேன் என்பார். அப்புறம் 1987ல் அவர்களுடைய ஒரு பாட்டு முதல் பத்துக்குள் போனது, அந்த ஒன்றுதான் போனது, கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. 1995 ஜூலையில் இந்தியானாவில் டிக்கெட் இல்லாதவர்கள் வேலியை உடைத்து உள்ளே நுழைய, மறுநாள் கச்சேரியை ரத்து செய்தார்கள். அடுத்த மாதம், ஆகஸ்ட் 9, ஜெர்ரி கார்சியா இறந்துபோனார். 53 வயது. அதைப் பற்றி இவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 ஆகஸ்டில், அறுபதாம் ஆண்டுக்கு, பழைய பேண்டில் இருந்த இருவர் வேறு சிலரோடு சேர்ந்து டெட் அண்ட் கம்பெனி என்ற பெயரில் கோல்டன் கேட் பூங்காவில் மூன்று நாள் வாசித்தார்கள். மூன்று நாளுக்கும் சேர்த்து டிக்கெட் 600 டாலருக்கு மேல். எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. நாங்கள் வாங்கவில்லை. வேலிக்கு வெளியே மரத்தடியில் போர்வை போர்த்திக்கொண்டு ஃபிளாஸ்க் காபியோடு உட்கார்ந்தோம். சான் பிரான்சிஸ்கோ ஆகஸ்ட் குளிர் தெரியும்தானே, பல் தந்தியடித்தது. எங்களைப் போலவே வெளியே நிறையப் பேர், வெள்ளைத் தாடிகளும் பேரப்பிள்ளைகளும். உள்ளே பாட்டு ஆரம்பித்த இரண்டாவது நொடியில் இவர் பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருந்த பாட்டி இவருக்கும் முன்னால் சொல்லிவிட்டார், அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்போது இந்த ஆறு பெட்டிகளும் என்னிடம். இணையத்தில் எல்லாம் இருக்கிறதே, எதற்கு இவை என்று கேட்டேன். "வைத்துக்கொள், ஆனால் யார் கேட்டாலும் பதிந்து கொடு, காசு வாங்காதே" என்றார். பழைய பொருள் சந்தையில் இரட்டைக் கேசட் டெக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை போய் வாங்க வேண்டும். உங்களில் யாருக்காவது இருமல் பிரதி வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். காலிக் கேசட்டும் தபால் செலவும் உங்களுடையது.