நம்மவர் சொன்னால் கதவு திறக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மனதை மாற்றுவது வாதமா, நம்மவர் என்ற உறவா?" என்பது தலைப்பு. நான் உறவின் பக்கம். எனக்கு முன் பேசிய சகோதரி, "உண்மையைத் தெளிவாகச் சொன்னால் போதும், சொல்பவர் யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அப்படி நடக்கவில்லையே, சகோதரி!

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே போலியோ சொட்டு மருந்தோடு வீடு வீடாகப் போனார்கள். மருந்து இலவசம். பிள்ளைக்குக் கால் முடங்காது என்ற உண்மையையும் எடுத்துச் சொன்னார்கள். ஆனாலும் பல முஸ்லிம் குடும்பங்கள் கதவைச் சாத்தின. சொட்டு போட்டால் பின்னாளில் பிள்ளைப்பேறு இருக்காது என்று வதந்தி. சாக்கடை வசதிகூட வராத தெருவுக்கு இந்த மருந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற சந்தேகம் வேறு. அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மருந்து கொடுத்த வீட்டில் 'பி' என்றும், விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்றும் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்த எக்ஸ் எப்படி பி ஆனது? யுனிசெஃப் அந்தந்தப் பகுதிப் பெண்களையே சேர்த்துக் கதவைத் தட்ட அனுப்பியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்கள் அறிவித்தார்கள். சேதி பழையதுதான், சொன்ன ஆள்தான் புதிது. வதந்தியும் பக்கத்து வீட்டு வழியாகத்தானே வந்தது? முள்ளை முள்ளால் எடுத்தார்கள். 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இயற்கையான போலியோ வைரஸ் இந்தியாவில் நின்றது. 2010-இல் மேம்பட்ட சொட்டு மருந்து வந்ததும் ஒரு காரணம், சரி. ஆனால் அது பிள்ளையின் வாய்க்குள் போக, தாய் சம்மதிக்க வேண்டுமே!

இது மத விஷயம் என்று எதிரணி ஒதுக்கலாம். அப்படியானால் அமெரிக்காவின் அயோவாவுக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம், இறைச்சித் தட்டுப்பாடு. வழக்கமாகச் சமைக்காத மாட்டு இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வைக்க வேண்டும். உளவியலாளர் கர்ட் லெவின் செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வப் பெண்களைக் குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு. சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று எல்லாம் சொல்லி, சமையல் குறிப்பும் கையில் கொடுத்தார்கள். மற்ற குழுக்களில் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசினார்கள். "வீட்டுக்காரர் சாப்பிட மாட்டாரே, சமைக்கும்போது வாடை வருமே" என்று மனத்தடைகளைக் கொட்டினார்கள். முடிவில், சமைத்துப் பார்க்கத் தயாரானவர்கள் எல்லோர் முன்னும் கை தூக்கினார்கள்.

அதுவரை பரிமாறாத இறைச்சியைப் பின்பு பரிமாறியவர்கள், சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம். கூடிப் பேசியவர்களில் 32 சதவீதம்.

வாதமே போதும் என்றால், அத்தனை வாதமும் கேட்டவர்களில் 97 சதவீதம் பேர் ஏன் அசையவில்லை? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும், அதைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்பு வழங்கட்டும். வணக்கம்.