கைப்பேசியும் எண்ணெய்க் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், கலோரிக் கணக்குப் போடும் செயலியைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டே என் முன் அமர்கிறார்கள். மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்தால் செயலி சோற்றையும் கூட்டானையும் (குழம்பையும்) அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் கூட்டானுக்கு எத்தனை மூடித் தேங்காய் அரைத்தோம், தாளிக்க எத்தனை கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றினோம் என்பது படத்தில் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருப்பதால் இந்தப் பிழை சிறியதன்று.

மணிக்கட்டுக் கருவிகளும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்தவற்றுள் மிகத் துல்லியமான கருவிகூடச் செலவான கலோரியைச் சராசரியாக 27 விழுக்காடு பிழையாகக் காட்டியது. அதை நம்பி, நடந்து முடித்த கையோடு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) இரண்டு தின்பவர்களை நான் அறிவேன்.

ஆனாலும் செயலியை நீக்கச் சொல்ல மாட்டேன். உண்பதைத் தவறாமல் பதிந்து வருபவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எதைப் பதிவது என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 27 கிராம் எண்ணெய் என்று கணக்கிடுகிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். எண்ணெய் வாங்கும் தேதியையும் அளவையும் கைப்பேசிக் குறிப்பேட்டில் எழுதினால் போதும், இணையம்கூட வேண்டியதில்லை. அப்படி எழுதிய லாரி ஓட்டுநர் ஒருவர், மாதம் ஆறு லிட்டர் என்று கண்டதும் மனைவியின் சமையலைக் குறை கூறத் தொடங்கினார். சாயாக்கடையில் தாம் உண்ட பரோட்டாக்களையும் எழுதச் சொன்ன பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடையை அன்றாடம் பார்த்துக் கலங்க வேண்டாம். உப்பும் நீரும் மாறுவதாலேயே முள் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும் என்பதால், வாரச் சராசரியைப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை பதியுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், செயலி சொல்கிறதே என்று தாமாகச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை சட்டெனத் தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரைப் பார்த்த பின்பே தொடங்குங்கள், போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் அவரிடம் காட்டுங்கள்.

வணக்கம்.