அவருக்கு சுகரே கிடையாதே, எதுக்கு இன்சுலின் ஓடுது?

வணக்கம். ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூ வாசல்ல நிக்கிற குடும்பத்துக்காரங்க என்கிட்ட அதிகமா கேட்ட கேள்வி ஒண்ணு உண்டு. "சிஸ்டர், அவருக்கு சுகரே கிடையாதே, எதுக்கு இன்சுலின் ஓடுது?" நான் 11 வருஷம் இதய ஆபரேஷன் ஐசியூல நர்ஸா இருந்தவ. கேக்கிறவங்க முகத்துல பயம் அப்படியே தெரியும். உள்ள என்னமோ தப்பாயிடுச்சு, புதுசா ஒரு வியாதி ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சுக்குவாங்க. வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற பதில் இல்ல அது. அதான் இந்த வீடியோ.

ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறும், அதை இறக்கத்தான் இன்சுலின். முதல்ல ஏன் ஏறுதுன்னு சொல்றேன். நெஞ்செலும்பைப் பிளந்து, ரத்தத்தை ஒரு மெஷின் வழியா ஓடவிட்டு, உடம்பைக் குளிர வச்சு, மறுபடி சூடாக்கி... இதெல்லாம் நம்ம நல்லதுக்குத்தான் செய்றாங்கன்னு உடம்புக்குத் தெரியாதுங்க. உயிருக்கு ஆபத்துன்னு மட்டுந்தான் அதுக்குப் புரியும். அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான்ங்கிற ஹார்மோன் எல்லாம் ஒண்ணா சுரக்கும். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல கொட்டும். உடம்புல இருக்கிற இன்சுலினோ சொன்ன பேச்சு எடுபடாம நிக்கும். போதாததுக்கு, பிரஷரைத் தூக்கி நிறுத்த நாங்க ஓட்டுற அட்ரினலினும் சுகரை ஏத்தும். அதனால சுகரே இல்லாதவங்களுக்கு 200 தாண்டுறது ஐசியூல சாதாரணம். நிறைய பேருக்கு சில நாள்ல தானா இறங்கிடும்.

தானா இறங்கும்னா விட்டுடலாமேன்னு தோணும். விடக்கூடாது. சர்க்கரை ஏறி நின்னா கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணுக்கள் மந்தமாயிடும். இங்க நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கோம். அதுக்கு அடியில சீழ் பிடிச்சா மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய், கம்பியைப் பிரிச்சு, சுத்தம் பண்ணணும். வாரக்கணக்குல படுக்கை. அந்தக் கஷ்டத்தைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க, சுகர் விஷயத்துல அப்புறம் அலட்சியமா இருக்க மாட்டாங்க.

அமெரிக்காவுல போர்ட்லண்ட்ல ஆண்டனி ஃபர்னரின்னு ஒரு சர்ஜன். சுகர் நோயாளிகளுக்கு அதுவரைக்கும் விட்டு விட்டுத் தோலுக்கடியில ஊசி போட்டுக்கிட்டிருந்தாங்க. அவரோட டீம் அதை மாத்தி, இன்சுலினை நரம்புல நிறுத்தாம ஓட்டுனாங்க. 1999ல வந்த அவங்க கணக்குல, ஆழமான நெஞ்செலும்புத் தொற்று 2 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்கியிருந்துச்சு. பாதிக்கும் கீழ!

சரி, அப்போ நல்லா அழுத்தி 80, 100னு வச்சுட்டா இன்னும் நல்லதுதானே? உலகமே ஒரு காலத்துல அப்படித்தான் நம்புச்சு. 2001ல பெல்ஜியத்துல லூவன்ல வான் டென் பெர்க்னு ஒரு டாக்டரம்மாவும் அவங்க டீமும் 1,548 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல பாதிக்கு மேல இதய ஆபரேஷன் ஆனவங்க. சுகரை 80லருந்து 110க்குள்ள பிடிச்சு வச்சப்ப ஐசியூ இறப்பு 8 சதவீதத்துல இருந்து 4.6 ஆச்சு. எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் 2009ல நைஸ்-சுகர்னு ஒரு பெரிய ஆய்வு, பலவிதமான ஐசியூ நோயாளிகள் 6,000 பேருக்கு மேல. அதுல நேர் எதிர். அழுத்திப் பிடிச்ச பக்கத்துல 90 நாள்ல இறந்தவங்க 27.5 சதவீதம், 180க்குள்ள இருந்தா போதும்னு விட்ட பக்கத்துல 24.9. சுகர் 40க்கும் கீழ விழுந்தவங்க அழுத்துன பக்கம் 6.8 சதவீதம், விட்ட பக்கம் 0.5 தான்.

அதனால இப்ப பெரும்பாலான இடங்கள்ல 140லருந்து 180க்குள்ள வைக்கப் பாக்குறாங்க. வீட்டுல 170 பார்த்தா நீங்க பதறுவீங்க. ஐசியூல அந்த 170க்கு நாங்க நிம்மதியா மூச்சு விடுவோம். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், "இன்னும் குறைக்கலாமே சிஸ்டர்"னு கெஞ்சுற பிள்ளைங்களை நிறைய பார்த்திருக்கேன்.

ஏன்னா, சுகர் கீழ விழுந்தா முழிச்சிருக்கிற மனுஷனுக்கு வேர்க்கும், கை நடுங்கும், "என்னமோ பண்ணுது"ன்னு சொல்வாங்க. வென்டிலேட்டர்ல மயக்கத்துல இருக்கிறவங்க என்ன சொல்வாங்க? இதயத்துக்குக் குடுக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிடும். மூளை பட்டினியில கிடக்கும், முகத்துல ஒண்ணும் தெரியாது. மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது.

அது எப்படி நடக்கும்னு காட்டுறேன் பாருங்க. 50 மில்லி சிரிஞ்சுல 50 யூனிட் இன்சுலின், மிச்சம் சலைன். ஆக 1 மில்லின்னா 1 யூனிட். அதை ஒரு பம்ப்புல வச்சு ஓட்டுவோம். டியூப்ல மாட்டுனதும் கொஞ்சம் ஓடவிட்டுக் கீழ கொட்டிடுவோம். இன்சுலின் பிளாஸ்டிக்ல போய் ஒட்டிக்கும், முதல்ல டியூப் குடிச்சுத் தீக்கணும், அப்பத்தான் நோயாளிக்கு முழுசாப் போகும். ராத்திரி 3 மணி. விரல்ல குத்த மாட்டோம், கை வீங்கி பிரஷர் கம்மியா இருக்கிறப்ப அந்த நம்பரை நம்ப முடியாது. ஆர்ட்டரி லைன்ல, அதாவது தமனிக்குள்ள போட்டு வச்சிருக்கிற டியூப்ல ரத்தம் எடுத்து மெஷின்ல வைப்போம். சுகர் 214, பொட்டாசியம் 3.4, அது கொஞ்சம் கம்மி. இப்ப பம்ப்பை ஏத்தணும், ஆனா கண்ணு முதல்ல பொட்டாசியத்துக்குப் போகணும். இன்சுலின் சர்க்கரையோட பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். அது குறைஞ்சா, புதுசாத் தச்ச இதயம் தாளம் தப்பும். அதனால பொட்டாசியத்தையும் கூடவே ஏத்திக்கிட்டே பம்ப்பைக் கூட்டுவோம். 4 மணிக்கு மறுபடி.

நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லிடறேன். சேர்ந்த புதுசு. பல வருஷமா சுகர் உள்ள ஒரு பெரியவர், ரெண்டாம் நாள், 142ல அழகா நின்னுக்கிட்டிருக்கார். வார்டுக்கு மாத்தணும். நீண்ட நேரம் வேலை செய்ற இன்சுலினைத் தோல்ல போட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பம்ப்பை நிறுத்தணும். கட்டிலுக்கு ஆள் காத்திருக்குன்னு நான் பம்ப்பைக் கழட்டி அனுப்பிட்டேன், ஊசி வார்டுல போட்டுக்கலாம்னு. நரம்புல ஓடுற இன்சுலின் ரத்தத்துல சில நிமிஷந்தான் நிக்கும். 4 மணி நேரத்துல வார்டுலருந்து போன், 271. அவர் நல்லபடியா வீட்டுக்குப் போனார். ஆனா அந்தப் போன் சத்தம் எனக்கு இன்னும் மறக்கல. அதுக்கப்புறம் ஊசி போட்ட நேரத்தைச் சார்ட்ல பாக்காம நான் பம்ப்பைத் தொட்டதே இல்ல.

ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்களுக்கு ஒண்ணு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்"னு முடியிற மாத்திரை சாப்பிடறீங்களா? சுகர் இல்லாட்டியும் இதயம் பலவீனம்னு குடுத்திருப்பாங்க, அதனால "நமக்கு சுகர் இல்லையே"ன்னு சொல்லாம விட்டுடாதீங்க. அதை 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. நிறுத்தாம ஆபரேஷனுக்குப் போனா, சுகர் நம்பர் ஒழுங்கா இருக்கும்போதே ரத்தத்துல கீட்டோன் அமிலம் சேர்ந்துடலாம். நீங்களா நிறுத்தவும் வேண்டாம், டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையையே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

அப்புறம் எச்பிஏ1சின்னு (HbA1c) ஒரு டெஸ்ட், மூணு மாச சுகர் சராசரி. ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்திருப்பாங்க, ஏன்னா ரத்தம் ஏத்துன பிறகு அந்த நம்பர் சரியா வராது. "அவருக்கு சுகரே இல்ல"ன்னு சொன்ன குடும்பங்கள்ல சிலருக்கு அது 6.5க்கு மேல இருந்துச்சு, வருஷக்கணக்கா தெரியாமலே இருந்திருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டுல அந்த நம்பர் எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.