மணிக்கட்டுத் துடிப்புக்குள் வைட்டமின் டி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கேட்டுக்கொண்டே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். துடிப்பு தட்டுப்படுகிறதா? அந்த ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். ரத்தம் வேகமாக வந்தால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வழிவிடுவது அதுதான். இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் டி குறையும்போது இந்தப் படலத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

வைட்டமின் டி என்றதும் எலும்புதான் நம் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் அந்த வைட்டமினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ரத்தக்குழாயின் உட்படலத்தில் இருக்கின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசையில் இருக்கின்றன, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களிலும் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுத் தோலில் உருவாகும் டி, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்த பிறகே வேலைக்குத் தயாராகிறது.

உட்படலம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பிறகு சட்டென்று விடுவார்கள். ரத்தம் பாய்ந்து வரும். அப்போது குழாய் எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். டி மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த விரிவு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

அடுத்தது அழற்சி, அதாவது காயமோ கிருமியோ வந்தால் உடல் காட்டும் எதிர்ப்பு, வீக்கம். வெள்ளை அணுக்களுக்குள் அழற்சியைக் கிளப்பிவிடும் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தணித்து வைப்பதில் டி-க்குப் பங்கு இருக்கிறது. டி குறைந்தால் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடலாம். உட்படலம் உரசல் பட்டதுபோல் ஆகி, கொழுப்பும் வெள்ளை அணுக்களும் அங்கே வந்து படிய இடம் கிடைக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பையும் டி அடக்கி வைக்கிறது என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் டி மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பு வராதா? இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில் 1,739 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் டி அளவு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் சுமார் 60 சதவீதம் அதிகமாக வந்தன. பலரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். அப்புறம் 25,871 பேரை வைத்து வைட்டல் என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

முதல் ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு டி பற்றாக்குறையே கிடையாது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? இன்னொன்றும் உண்டு, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உடலில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் டி அளவு இறங்கும். ஒரு அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். உடல் பருமன் இருந்தாலும் அளவு குறைவாகவே காட்டும். ஆக, குறைந்த டி சில நேரம் நோய்க்குக் காரணமாக இருக்கலாம், சில நேரம் நோயின் நிழலாக இருக்கலாம். எது எது என்று பிரிப்பது இன்னும் முடிந்த வேலை இல்லை. ஆனால் அதே வைட்டல் ஆய்வில், உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் தன்னெதிர்ப்பு நோய்கள், டி சாப்பிட்டவர்களுக்கு 22 சதவீதம் குறைவாக வந்தன. அழற்சியோடு டி-க்குத் தொடர்பு உண்டு என்பதற்கு எனக்கு இது முக்கியமான சாட்சி.

அதனால் என் கருத்து இதுதான்: 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். எலும்புக்கே அது தேவை. இதயத்துக்கான மருந்தை நிறுத்திவிட்டு டி-யை நம்பாதீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் டி-யை உண்டாக்காது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வெயிலில் கூடுதல் நேரம் தேவைப்படும்.

ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஓயாத வாந்தி, தாகம், மலச்சிக்கல். வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய பெரிய டோஸ் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். "சத்து மாத்திரைதானே டாக்டர், கூடுதலாச் சாப்பிட்டா நல்லதுதானேன்னு நினைச்சேன்" என்றார். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்படி ஏறும் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த ரத்தக்குழாயைக் காக்க நினைத்தாரோ அதன் சுவரிலேயே படிந்து இறுகவும் செய்யும். மாத்திரையை நிறுத்தி, சிகிச்சை கொடுத்தோம். கொழுப்பில் சேர்ந்துவிட்ட டி மெதுவாகத்தான் வெளியேறும். அவருக்குக் கால்சியம் இயல்புக்கு வர சில மாதங்கள் பிடித்தன.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.