ஆற்றல் தியானம்: ஏற்றமும் இறக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

குண்டலினி, அதாவது உடலுக்குள் உறங்கிக் கிடப்பதாக யோக மரபு சொல்லும் ஆற்றல், இந்தப் பெயரைக் கேட்டதுமே சிலருக்குப் பயம் வருகிறது, சிலருக்கு ஆசை வருகிறது. பயப்படுகிறவர்கள் புத்தி பேதலித்துவிடும் என்கிறார்கள். ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே வாரத்தில் நெற்றியில் ஒளி தெரிந்தாக வேண்டும். இருவருமே ஆற்றலை மேலே ஏற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைக் கீழே இறக்குவது, பயிற்சியை ஒழுங்காக முடிப்பது என்று இன்னொரு பாதி இருக்கிறது. தலைபாரம், தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், பல சமயம் அந்தப் பாதியை விட்டிருப்பார்கள். அதனால் இன்றைய பேச்சில் இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். உடலில் ஆற்றல் ஓடும் பாதைகளாக 72,000 நாடிகள் இருப்பதாக யோக மரபு சொல்கிறது. அவற்றில் முக்கியமானவை மூன்று. இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, முதுகுத்தண்டின் நடுவே சுழுமுனை. சுழுமுனையில் கீழிருந்து மேலாக மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அனாகதம், விசுத்தி, ஆக்கினை என ஆறு ஆதாரங்கள், அதாவது சக்கரங்கள், உச்சந்தலையில் சகசிராரம். மூலாதாரத்தில் மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு உறங்கும் பாம்பாகக் குண்டலினியை உருவகப்படுத்துகிறார்கள். உடலை அறுத்துப் பார்க்கிற மருத்துவர் கண்ணில் இவை எதுவும் படாது, படவும் வேண்டியதில்லை. கவனத்தை எங்கே நிறுத்துவது, எந்த வரிசையில் நகர்த்துவது என்று பயில்கிறவருக்குக் காட்டும் அடையாளங்கள் இவை. அந்த அளவில் மிகவும் பயன்படுகின்றன.

எங்கே தொடங்குவது என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. மூலாதாரத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுவது ஒரு வழி. வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை குண்டலினி யோகத்தில் ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டுத் தீட்சை கொடுத்து, ஆக்கினையிலேயே தொடங்கிவைக்கிறார். அதற்கு அடுத்த படியாகவே சாந்தி தவத்தை வைத்திருக்கிறார்கள். கவனத்தை மூலாதாரத்துக்குக் கொண்டுவருவதுதான் சாந்தி. ஏறத் தொடங்கியவுடனேயே இறங்கக் கற்றுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, புதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து.

இனி பயிற்சி. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் தயவுசெய்து இப்போது கேட்க மட்டும் செய்யுங்கள்.

சாப்பிட்டு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் செய்வது சுலபம். தரையில் விரிப்புப் போட்டு, புட்டத்துக்குக் கீழே நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்த போர்வையை வைத்து உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உயரம். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும், பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். பத்மாசனம் கட்டாயமில்லை, சுகாசனமே போதும். தரையில் முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம்; பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முதுகைச் சாய்த்துக்கொள்ளக் கூடாது. கால் மரத்துப் போகிறது என்றால் அதில் யோக விஷயம் ஒன்றும் இல்லை. நரம்பு அழுந்துகிறது, அவ்வளவுதான். சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் காலை மாற்றிப் போடுங்கள்.

அடுத்தது நாடிசுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். பெருவிரலால் வலது நாசியை அடைத்து, இடது நாசியால் நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளே இழுங்கள். மோதிர விரலால் இடது நாசியை அடைத்து, வலது நாசியால் ஆறு எண்ணும் அளவு வெளியே விடுங்கள். பிறகு வலதால் நான்கு உள்ளே, இடதால் ஆறு வெளியே. இது ஒரு சுற்று. ஓர் எண் ஒரு நொடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 20 நொடி, ஒன்பது சுற்றுக்கு மூன்று நிமிடம். முதல் மூன்று மாதத்துக்கு இது தாராளம்.

இந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஜபமாலைப் பிரார்த்தனை சொல்கிறவர்களுக்கும் மந்திரம் ஜபிக்கிறவர்களுக்கும் மூச்சு தானாகவே ஏறக்குறைய இந்த வேகத்துக்கு வந்துவிடுவதையும், அப்போது ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையடைவதையும் இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் மெதுவான மூச்சு மனத்தை ஏன் அமர்த்துகிறது என்பதற்கு அது ஒரு விளக்கம் தருகிறது.

ஒரு நாசி அடைத்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றினால் பதற வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சோட்டம் ஒரு நாசியிலிருந்து மற்றதற்கு மாறுவது பெரும்பாலோருக்கு இயல்பு. மூச்சோட்டத்தை வைத்துப் பலன் சொல்லும் சரநூல்காரர்கள் கணக்குப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். சளிப் பிடித்து முழுவதும் அடைத்திருந்தால் அன்று விரலை எடுத்துவிட்டு இரு நாசியாலும் அதே நான்கு, ஆறு கணக்கில் செய்யுங்கள். முட்டி மோதி இழுத்தால் மூக்குத் தண்டு வலிக்கும்.

மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திருமூலர் சொல்லும் அளவு 16 மாத்திரை பூரகம் (உள்ளே இழுப்பது), 64 கும்பகம், 32 ரேசகம் (வெளியே விடுவது). மாத்திரையை ஒரு நொடி என்று கொண்டால், ஒரே ஒரு மூச்சுக்கு 112 நொடி ஆகிறது. அது பல ஆண்டு பழகியவருக்கான அளவு. அதைப் படித்துவிட்டு மறுநாளே முயன்றால் முகம் சிவந்து, காது அடைத்து, அடுத்த மூச்சைத் திணறித் திணறி இழுக்க வேண்டிவரும். அடுத்த மூச்சு திணறினாலே அளவு மீறிவிட்டது என்று பொருள். பிராணாயாமம் முழுவதற்கும் இந்த ஓர் உரைகல் போதும்.

இப்போது ஆக்கினை. கண்களை மூடி, புருவ மத்தியில் கவனத்தை வையுங்கள். கவனத்தை மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், எல்லோரும் கண்மணியையும் சேர்த்து மேலே செருகிவிடுகிறார்கள், புருவத்தைச் சுருக்குகிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள். கண் தசையும் நெற்றித் தசையும் இறுகிப் பத்து நிமிடம் நின்றால் தலை வலிக்கத்தான் செய்யும். அது தவ வலி அல்ல, தசை வலி. கண்மணிகள் மூடிய இமைக்குள் நேராகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும், கீழ்த் தாடை தளர்ந்து இருக்கட்டும். புருவ மத்தியில் மெல்லிய அழுத்தமோ துடிப்போ குறுகுறுப்போ தெரியும். தெரிந்தால் அதன்மேல் கவனம் நிற்கட்டும். தெரியாவிட்டால் சுட்டுவிரலால் அந்த இடத்தை ஒருமுறை லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். தொட்ட உணர்வு சிறிது நேரம் நிற்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். எண்ணம் ஓடினால் திட்டாமல் திரும்பி வாருங்கள். முதல் மாதம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நிறமும் ஒளியும் தெரிவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூடிய கண்ணுக்குள் அப்படித் தெரிவது சாதாரணம். அதைத் தேர்ச்சிக்கு அளவாக வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் இதற்கு மேல் பேசுவது நேர விரயம்.

பத்து நிமிடம் ஆனதும் கண்ணைத் திறந்து எழுந்துவிடுவதுதான் பரவலாக நடக்கும் பிழை. அதுவரை ஒரே புள்ளியில் கூர்மையாக நின்ற மனத்தை அப்படியே வேலைக்குள் தள்ளுகிறோம். சிலருக்கு அன்று முழுக்கத் தலையில் ஒரு கனம், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல், இரவில் தூக்கம் வராமை எல்லாம் இதனால் வருகின்றன. அதனால் வெளிமூச்சைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள். புருவ மத்தியிலிருந்து தொண்டைக்குழி, அங்கே மூன்று மூச்சு. பிறகு நெஞ்சுக்கு நடுவே மூன்று, தொப்புளில் மூன்று. கடைசியாக மூலாதாரம். அதன் இடத்தைத் திருமூலர் விரற்கடையாலேயே அளந்து சொல்கிறார்: எருவாய்க்கு (மலவாய்க்கு) இரண்டு விரல் மேலே, கருவாய்க்கு (பிறப்புறுப்புக்கு) இரண்டு விரல் கீழே. முதுகுத்தண்டு முடிகிற அந்தப் பகுதியில், உடலின் எடை தரையில் அழுந்துவதை உணர்ந்தபடி ஐந்து நிமிடம் இருங்கள். மூலபந்தம் என்று தசையை இறுக்க வேண்டாம்; இது இளகி அமரும் நேரம். அதன்பின் கவனத்தைப் பாதங்களுக்குக் கொண்டுபோங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களின்மேல் பொத்தி, கைகளுக்குள்ளேயே கண்ணைத் திறந்து, தரையைப் பார்த்துப் பிறகு மேலே பாருங்கள். இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். ஆக மொத்தம் 25 நிமிடம். நேரம் குறைவாக இருக்கிற நாளில் ஆக்கினையைச் சுருக்குங்கள், இறக்கத்தைச் சுருக்காதீர்கள்.

தலைபாரம் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் என்ன செய்வது? ஒரு வாரம் ஆக்கினையை நிறுத்திவிட்டு, மூலாதாரத்தில் மட்டும் பத்து நிமிடம் இருங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். இரவில் படுக்கப் போகுமுன் தவம் செய்யும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். குறைந்ததும் ஆக்கினையை ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்கலாம். ஒரு வாரத்திலும் குறையவில்லை என்றால் அது தவத்தால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வேகவேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்லும் பயிற்சிகளில் உதடும் விரல் நுனியும் சுரீரென்று குறுகுறுக்கும், விரல்கள் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும், அழுகைகூட வரும். குண்டலினி எழுந்துவிட்டது என்று அருகில் யாராவது சொல்லவும் செய்வார்கள். நடப்பது வேறு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சை இயல்பு நிலைக்கு விட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டால் காரணம் மூச்சுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிலர் கும்பகமும் கபாலபாதி போன்ற வேக மூச்சுகளும் அறவே செய்யக் கூடாது: கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள். மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள் ஆக்கினைத் தவத்தையே தாமாகத் தொடங்க வேண்டாம். தங்கள் மனநல மருத்துவரைக் கேட்ட பிறகு பார்க்கலாம். தவம் செய்கிறேன் என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து. பயிற்சியின்போது தானே தனக்கு அந்நியமாகத் தோன்றுவது, குரல் கேட்பது, இரண்டு மூன்று இரவு தொடர்ந்து தூக்கமே வராதது, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அதை முன்னேற்றத்தின் அடையாளம் என்று சொல்லித் தொடரச் சொல்கிற ஆசிரியரிடம் இருக்கக் கூடாது.

ஆசிரியரைத் தேடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தலைபாரம் வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? எனக்கு இந்த நோய் இருக்கிறது, இந்த மருந்து சாப்பிடுகிறேன், எதை விடவேண்டும்? முறை தெரிந்தவர் இடம், நேரம், மூச்சு என்று திட்டமாகப் பதில் சொல்வார். நம்பிக்கை வேண்டும் என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வணக்கம்.