கட்டடத்தோடு கொத்தனாரையும் காப்போம்

அனைவருக்கும் வணக்கம். மரபுக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். எதிரில் சிவில் படிக்கும் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் ஊர்ப் பெரியவர்களும் கோயில் திருப்பணிக் குழுவினரும் வந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்பாரிடமும் எனக்கு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முன் தஞ்சாவூருக்கு ஒருமுறை போய் வந்துவிடுவோம்.

பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் 1880-கள் வரை அது நமக்கே தெரியாது. கரிகாலன் கட்டினான் என்று ஒரு கதை, காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்று இன்னொரு கதை. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதிப்பட்டது. இவ்வளவு பெரிய கோயில் கண்ணெதிரே நின்றும், எழுப்பியவன் பெயரை நாம் தொலைத்துவிட்டோம். கல்லில் இருந்த எழுத்து தொலைக்கவில்லை.

அந்த எழுத்து என்ன சொல்கிறது? "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறான் அரசன். தன் கொடையோடு அடுத்தவர் கொடைக்கும் அதே சுவரில் இடம். கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர் இருக்கிறது. யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதுவரை இருக்கிறது. கோயிலைக் கட்டிய தச்சனின் பெயரும் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். வேலை செய்த கைக்கு அன்று அப்படி ஒரு மதிப்பு இருந்தது. நான் இன்று பேச வந்தது அந்தக் கையைப் பற்றித்தான்.

கல்வெட்டு எழுத்தின் ஆழம் அதிகமில்லை. நகத்தை வைத்துப் பார்த்தால் தெரியும், பல இடங்களில் நுனிதான் உள்ளே போகும். அந்தச் சுவர்மேல் கம்ப்ரெசர் வைத்து மணலைப் பீய்ச்சி அடித்தால் என்ன ஆகும்? எண்ணெய்ப் பிசுக்கு போகும். கூடவே எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் மூக்கும் விரலும் தேய்ந்துபோகும். நம் கோயில்கள் பலவற்றில் சுத்தம் செய்கிறோம் என்று இதைத்தான் செய்தார்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் இருந்தால் போதுமான வேலை அது.

மணல் வீச்சு ஒன்றுதான் சேதம் என்று நினைக்காதீர்கள். பிரகாரத்தில் புதிதாகக் கிரானைட் தளம் போடுகிறார்கள். பழைய தரைக்கு மேலேயே போடுவதால் தரை அரை அடி, ஒரு அடி உயர்கிறது. அதிட்டானம் என்ற அடிப்பீடத்தின் கீழ்வரிகள் மண்ணுக்குள் போகின்றன, அந்த வரிகளில் இருந்த கல்வெட்டும் சேர்ந்து போகிறது. மழைத் தண்ணீர் வெளியேறிய பழைய வழி அடைபட்டு கருவறைப் பக்கம் தேங்குகிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு எனாமல் பெயின்ட். டியூப் லைட் மாட்டுவதற்குத் தூணில் துளை. ஒரு கிராமத்துச் சிவன் கோயிலில் கல்வெட்டுச் சுவரின் மேலேயே சிமென்ட் பூசி, அதில் நன்கொடையாளர் பட்டியலை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாமி இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற பக்தியோடு செய்தார்கள். அதுதான் மனசு ஆறவில்லை எனக்கு.

சரி, சிமென்டில் அப்படி என்ன குற்றம்? மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காயும். அதே சுவரில் சிமென்ட் பூசினால் வியர்க்கிற உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றியது போலத்தான். ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். வெளிப்பூச்சு மட்டும் கெட்டியாக நிற்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே பொக்கு. பூச்சு எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். விரிசல் விட்டால் பூச்சில் விட வேண்டும், கல்லில் விடக் கூடாது. பூச்சை மறுபடி பூசலாம், ராஜராஜன் காலத்துக் கல்லுக்கு எங்கே போவது?

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்ற வேண்டும், ஊற விட வேண்டும், மணல் சேர்த்து அரைக்க வேண்டும். முன்பெல்லாம் வட்டமான தொட்டியில் கல் உருளையை மாடு இழுத்து அரைத்தது. கடுக்காயை உடைத்துக் கருப்பட்டியோடு ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு மறக்காது. பூசிய பிறகும் வேலை முடிவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து, சுண்ணாம்பு மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. பதம் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் காரையை, அதாவது அந்தச் சுண்ணாம்புக் கலவையை, கரணையில் அள்ளிக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். விழாமல் ஒட்டி நின்றால்தான் சுவருக்குப் போகும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப்பின் அரண்மனை இருக்கிறது, 1768-இல் எழுந்தது. அதன் ஒரு பகுதியான கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்த அந்தக் கட்டடத்தைப் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே மீட்டது. பக்கத்தில் இருக்கும் ஹுமாயூன் மஹாலும் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி கொண்டே புதுப்பிக்கப்பட்டது. மெட்ராஸ் டெரஸ் என்ற கூரை எப்படிப் போடுவார்கள் தெரியுமா? தேக்கு உத்தரங்களின் மேல் அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கிக் காரையால் பிடிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடம் இருப்பதால்தான் அந்த வேலை நடந்தது.

பாரிஸில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை 2019 ஏப்ரலில் எரிந்ததே, அதையும் மறுபடி ஓக் மரத்தால்தான் கட்டினார்கள். தச்சர்கள் கோடரியால் உத்தரங்களைச் செதுக்கினார்கள், 2024 டிசம்பரில் கதவு திறந்தது. பணம் கொட்டியது உண்மைதான். கோடரி பிடிக்கத் தெரிந்த தச்சர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பணத்தை வைத்து என்ன செய்திருக்க முடியும்?

சட்டம் நம்மிடம் குறைவில்லை. தொல்லியல் சின்னங்களைக் காக்க மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; 2010-இல் அதைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்றார்கள். மாநிலத்தில் 2012-இல் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் மரபுச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் போட்டது. ஆனால் அறநிலையத் துறையின் கீழ் மட்டும் 36,000-க்கும் மேற்பட்ட கோயில்கள். நீதிமன்றம் ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் வந்து நிற்க முடியாது. சுவருக்குப் பக்கத்தில் நிற்பவர் கொத்தனார்.

அந்தக் கொத்தனாருக்கு என்ன கிடைக்கிறது? காரை வேலை தெரிந்த பெரியவருக்கும் சிமென்ட் கலவை போடுகிறவருக்கும் பெரும்பாலும் ஒரே கூலி. குறைந்த தொகை கேட்டவருக்கே டெண்டர் என்றால், பதம் பார்த்து வேலை செய்கிறவர் அந்தப் போட்டியில் ஜெயிக்கவே மாட்டார். பிறகு அவர் மகன் எதற்காக அந்த வேலைக்கு வருவான்? மரபு வேலைக்குத் தனிக் கூலி விகிதம் வேண்டும், சான்றிதழ் வேண்டும், அவர் தன் கையால் சொல்லிக்கொடுக்கும் நாள்களுக்கும் சம்பளம் வேண்டும். இதை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, கட்டுமானச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் சுண்ணாம்பு வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சித்தாளாக நில்லுங்கள். நீற்றும்போது எழும் சூட்டைப் பக்கத்தில் நின்று உணருங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள், நீறும் சுண்ணாம்பு பட்டால் தோல் பொத்துவிடும்.

திருப்பணிக் குழுப் பெரியவர்களே, உங்களிடம் கேட்பது நாள் குறிப்பதைப் பற்றி. திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் செய்யும்போதே கும்பாபிஷேகத் தேதி பேசி, பத்திரிகையும் அடித்துவிடுகிறோம். அதன் பிறகு காரை காயக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை, சிமென்ட் மூட்டை வந்து இறங்கிவிடுகிறது. அடுத்த முறை ஜோசியரிடம் போவதற்கு முன் ஸ்தபதியையும் வயதான கொத்தனாரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எத்தனை மாதம் வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். நல்ல நாளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.